கௌட்டுக்கு விஏ ரேட்டிங்: மறுப்புக் கடிதம் வந்துவிட்டது, அடுத்து என்ன செய்யலாம்?

கந்தகார்2012

எல்லோருக்கும் வணக்கம். மாவ்னி வழியாக அமெரிக்க ராணுவத்துக்குப் போன தமிழர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பச்சை அட்டை இல்லாமல் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களை, மொழி அறிவுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் ராணுவத்தில் எடுத்த திட்டம் அது. 2009இல் ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள், 2016இல் நின்றுபோனது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நான் 2010இல் சேர்ந்தேன். 2012இல் கந்தகார், அப்புறம் ஃபோர்ட் ஹூட், 2015இல் வெளியே வந்தேன்.

2019இல் ஒரு ராத்திரி இடது கால் பெருவிரல் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. மறுநாள் மருத்துவர் மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். யூரிக் அமிலப் படிகங்கள் இருந்தன. கௌட் என்று உறுதியானது. அதன் பிறகு வருடத்துக்கு நான்கைந்து முறை வருகிறது. விரலோடு நிற்கவில்லை, கணுக்காலுக்கும் ஏறிவிட்டது. வந்தால் பத்து நாள் வேலைக்குப் போக முடியாது.

போன வருடம் இதற்கு விஏவிடம், அதாவது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், ரேட்டிங் கேட்டு விண்ணப்பித்தேன். பணியால் வந்த நோய்க்கு அவர்கள் கொடுக்கிற பாதிப்புச் சதவீதம்தான் ரேட்டிங், அதைப் பொறுத்து மாதப் பணம் வரும். இரண்டு காரணம் சொல்லி மறுப்பு வந்தது. ஒன்று, பணியில் இருந்தபோது கௌட் இருந்ததாகப் பதிவு இல்லை. இரண்டு, பரிசோதனை நாளில் மூட்டுகள் சாதாரணமாக இருந்தன. இரண்டாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலி வந்து மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால் கால் சாதாரணமாகத்தானே இருக்கும்?

இப்போது எனக்கு ரத்த அழுத்தத்துக்கு 10, வலது முழங்காலுக்கு 10, மொத்தம் 20 சதவீதம் இருக்கிறது. இதை விட்டுவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_மெடிக்

தம்பி, விடாதீர்கள். நான் பதினொரு வருடம் ராணுவத்தில் மெடிக்காக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன்.

முதல் கேள்வி. உங்கள் பணிக்கால மருத்துவப் பதிவுகளை நீங்களே உட்கார்ந்து முழுசாகப் படித்தீர்களா? கௌட் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. 27, 28 வயதுப் பையன் பெருவிரல் வீங்கி முகாம் மருத்துவப் பிரிவுக்கு வந்தால் எவருக்கும் அந்த நோய் ஞாபகத்துக்கு வராது. பூட்ஸ் இறுக்கம் என்பார்கள், பொதி சுமந்து நடந்ததில் சுளுக்கு என்பார்கள், நகம் உள்வளர்ந்திருக்கிறது என்பார்கள். மோட்ரின் 800 என்ற வலி மாத்திரை கொடுத்து, மூன்று நாள் ஓட வேண்டாம் என்று புரொஃபைல் (சலுகைச் சீட்டு) எழுதி அனுப்பிவிடுவோம். அந்த மாத்திரைக்கு நாங்கள் வைத்த பெயரே வைட்டமின் எம். ஆனால் பாருங்கள், கௌட் வலியும் அந்த மாத்திரைக்குக் கேட்கும். மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால் சுளுக்கு ஆறிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவோம்.

நானே அப்படி எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு நான் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இன்றைக்கு யாரோ ஒருவருக்கு அது சான்றாக நின்றிருக்கும்.

பணியில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் இல்லையே என்று சொல்லாதீர்கள். வழக்கமாக எடுக்கும் தொகுப்பில் யூரிக் அமிலம் சேர்த்தியே இல்லை. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

எனவே விரல், பாதம், கணுக்கால், வீக்கம், சிவப்பு, அடிபடவில்லை என்ற சொற்களைத் தேடுங்கள். கோப்பு கையில் இல்லையென்றால் 20-10206 படிவம் போட்டு முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

மருந்துக்கடைக்காரி

அண்ணா, நான் பார்மசிஸ்ட். ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை, எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்து இன்னொரு வழியும் இருக்கலாம்.

கந்தகார்2012

மெடிக் அண்ணா, 600 பக்க பிடிஎஃப் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் முழுசாகப் படிக்கவில்லை. இந்த வார இறுதியில் உட்காருகிறேன்.

மாத்திரை: லிசினோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மில்லிகிராம். இரண்டையும் 2014இல் ஃபோர்ட் ஹூட்டில் இருந்தபோதே ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடைக்காரி

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரை அதிகமாகப் போக்கி அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. உடம்பில் நீர் குறைந்ததும் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரையாமல் படிகமாக ஆரம்பிக்கும். குளிர்ந்த இடத்தில் சீக்கிரம் படியும். உடம்பில் அதிகம் குளிர்கிற இடம் கால் விரல் நுனி, அதனால்தான் அங்கே முதலில் வருகிறது. இந்த மாத்திரை கௌட்டைக் கொண்டுவரலாம் என்பதை மருந்தோடு வருகிற தாளிலேயே படிக்கலாம்.

இதற்கும் விண்ணப்பத்துக்கும் என்ன தொடர்பு என்றால், உங்கள் ரத்த அழுத்தம் ஏற்கெனவே பணி தொடர்பான நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்காகச் சாப்பிட்ட மருந்தால் இன்னொரு நோய் வந்தாலோ, இருந்த நோய் மோசமானாலோ, அந்த இரண்டாவது நோயும் பணி தொடர்பானதாகவே கணக்கு. இங்கே செகண்டரி என்பார்கள். என் கடைக்கு வருகிற வியட்நாம் காலத்துப் பெரியவர்கள் பலர் இந்த வழியில் கேட்கலாம் என்றே தெரியாமல் இருந்தார்கள். வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்ததாகவே விஏ எடுத்துக்கொள்கிற நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. கௌட் அதில் இல்லை. ஆனால் 2022இல் வந்த பேக்ட் சட்டம் ரத்த அழுத்தத்தை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அழுத்தம் பட்டியலுக்குள் வந்தால் அதன் மாத்திரையும் அதனோடு வரும், அந்த மாத்திரை கொண்டுவந்த கௌட்டும் வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். லொசார்டான் என்ற இன்னொரு ரத்த அழுத்த மாத்திரை யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். எதுவானாலும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

டல்லாஸ்_மதுரைக்காரன்

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, மனதில் பட்டதைக் கேட்கிறேன். என் அப்பாவுக்கும் கௌட் உண்டு. அவர் ராணுவத்துக்குப் போனதில்லை. கறி, மீன், பீர், உடல் எடை, பரம்பரை இவற்றால் வருகிற நோய் என்றுதான் எங்கள் மருத்துவர் சொன்னார். குண்டடி பட்டுக் காலை இழந்தவருக்குக் கொடுக்கிற பணத்திலிருந்து இதற்கும் கேட்பது நியாயமா? நானும் இங்கே வரி கட்டுகிறேன்.

பழைய_மெடிக்

கேட்டது நல்லதுதான். பலர் மனதில் இருப்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பல முன்னாள் வீரர்களே இப்படி நினைத்துத்தான் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.

முதலில், ஒருவருக்குக் கொடுப்பதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. குறிப்பிட்ட ஒரு தொகையை ஒதுக்கி அதை எல்லோருக்கும் பங்கு போடுவது கிடையாது. தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் சட்டப்படி தனித்தனியாகச் சேர வேண்டியது.

அடுத்து, அமெரிக்கச் சட்டம் நோய் எதனால் வந்தது என்பதைவிட எப்போது வந்தது என்பதைத்தான் பார்க்கிறது. சீருடை போட்டிருந்த நாட்களில் ஆரம்பித்த நோய், அவரே வேண்டுமென்று செய்த தவறால் வராதவரை, பணி தொடர்பானது. போரில் வந்ததா, முகாம் சமையலறையில் வந்ததா என்ற பாகுபாடு இல்லை. சேரும்போது முழு மருத்துவப் பரிசோதனை செய்து நல்ல உடம்பு என்று எழுதித்தான் எடுத்தார்கள். அன்றைக்கு நோய் என்று குறித்து வைக்காததைப் பின்னால் வந்து அப்போதே இருந்தது என்று சொல்வது அரசுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. தெளிவான சான்று காட்ட வேண்டும்.

ஏன் இப்படி ஒரு சட்டம் என்றால், சிப்பாயின் 24 மணி நேரமும் அரசுடையது. எதைச் சாப்பிடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது, எந்த வெயிலில் நிற்பது எதுவும் அவன் கையில் இல்லை. கந்தகாரில் ஜூலை மாதம் 40 டிகிரிக்கு மேல் போகும். அதில் உடம்புக் கவசமும் பொதியும் சுமந்து நடக்கிறவனுக்கு உடம்பு நீர் வற்றுவது தினசரி விஷயம். அப்படி வற்றுவது கௌட்டைத் தூண்டும்.

சான்அன்டோனியோ_செவிலி

மதுரைக்காரருக்கு ஒரு சேர்க்கை. உணவால் மட்டும் வருவதில்லை. உடம்பில் உருவாகும் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. கௌட் வருகிற பெரும்பாலானோருக்கு அந்த வெளியேற்றம்தான் குறைவு. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் அப்பா நாக்கைக் கட்டாததால்தான் வந்தது என்று அவர் மேல் பழி போடாதீர்கள். இந்த நோய்க்காரர்களை ஊரே அப்படித்தான் பேசும், அவர்களும் வெட்கப்பட்டு மருத்துவரிடமே வலியைக் குறைத்துச் சொல்வார்கள்.

என் கணவரும் முன்னாள் கடற்படை. அவரும் இதே வெட்கத்தில்தான் மூன்று வருடம் சும்மா இருந்தார்.

டல்லாஸ்_மதுரைக்காரன்

சட்டம் புரிகிறது. எப்போது வந்தது என்ற கேள்வி எனக்குப் புதிது. ஆனால் 2015இல் வெளியே வந்தவருக்கு 2019இல் கண்டுபிடித்த நோயை எப்படி இணைப்பது என்பது இன்னும் என் மனதில் இருக்கிறது.

கந்தகார்2012

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து படித்தேன். பக்கம் 312.

2012 ஆகஸ்ட். "இடது பெருவிரல் அடிமூட்டில் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி. அடிபட்டதாகச் சொல்லவில்லை. நேற்றிரவு தொடங்கியது. பூட்ஸ் அளவு சரிபார்க்கவும். மோட்ரின் 800. 3 நாள் புரொஃபைல்."

பக்கம் 340, 2013 மார்ச். இடது கணுக்கால், "சுளுக்கு", எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, திரும்பவும் மோட்ரின்.

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆகஸ்ட் ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கன்வாயிலிருந்து (ராணுவ வண்டி அணியிலிருந்து) வந்து பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. பக்கத்துக் கட்டில் பையன்தான் நாடாவை முழுசாக உருவிக் கழற்றிவிட்டான். இத்தனை வருடமாக அதைப் பூட்ஸ் கடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_மெடிக்

தம்பி, படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அடிபட்டதாகச் சொல்லவில்லை", "நேற்றிரவு தொடங்கியது". அதை எழுதிய மெடிக் யாரோ, நல்லா இருக்கட்டும். கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இனிமேல் உங்களுக்கு வேண்டியது மூன்று. இன்றைக்கு நோய் இருக்கிறது என்ற உறுதி: ஊசி போட்டு நீர் எடுத்துப் படிகத்தைப் பார்த்திருக்கிறார்கள், இதைவிடப் பெரிய உறுதி இந்த நோய்க்குக் கிடையாது. பணியில் நடந்தது: பக்கம் 312ம் 340ம். மூன்றாவது, இரண்டையும் கோர்க்கிற மருத்துவக் கருத்து. நெக்சஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ருமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது மூட்டு நோய் மருத்துவரிடம் போங்கள். அந்த இரண்டு பக்கம், 2019 ஊசிப் பரிசோதனை முடிவு, மாத்திரை தொடங்கிய தேதி எல்லாவற்றையும் கொடுங்கள். 2012இல் வந்தது கௌட்தான் என்பதற்குக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு உறுதி தேவையில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சான்று சமமாக நின்றால் வீரர் பக்கம் தீர்க்க வேண்டும் என்பதே சட்டம். ஆனால் வெறுமனே "வாய்ப்பு உண்டு" என்று ஒரு வரி எழுதினால் அதற்கு மதிப்பு இல்லை. பதிவுகளைப் படித்தேன், அடிபடாமல் ஒரே ராத்திரியில் பெருவிரல் அடிமூட்டில் வந்த வீக்கம் இந்த நோயின் முகம், ஆகவே இந்த முடிவுக்கு வருகிறேன் என்று காரணத்தோடு எழுத வேண்டும்.

மருந்துக்கடைக்காரி

மாத்திரை 2014இல்தானே வந்தது, முதல் வலி 2012இல் வந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். முதல் வழியில் 2012 பதிவு. இரண்டாவது வழியில், ஏற்கெனவே இருந்ததை மாத்திரை மோசமாக்கியது. இரண்டையும் ஒரே கடிதத்தில் தனித்தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். ஒன்று நிற்காவிட்டால் இன்னொன்று நிற்கும்.

வர்ஜீனியா_வாசி

முழங்காலுக்கு 10 இருக்கிறது என்றீர்களே, அதனால் நடக்க முடியாமல் எடை கூடியதா? உடல் பருமனைத் தனி நோயாக ஏற்க மாட்டார்கள். ஆனால் இடையில் ஒரு கண்ணியாக ஏற்கலாம் என்று 2017இல் விஏவின் தலைமைச் சட்ட ஆலோசகர் கருத்து கொடுத்திருக்கிறார். முழங்கால், அதனால் எடை, எடையால் கௌட் என்று மூன்றாவது ஒரு சங்கிலியும் சிலருக்கு உண்டு.

கந்தகார்2012

எடை எட்டு கிலோதான் கூடியிருக்கிறது. அதை இழுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நன்றி.

நியூஜெர்சி_ஷங்கர்

கௌட்டுக்கு 20, 40, 60, 100 என்று ரேட்டிங் உண்டு, வருடத்துக்கு மூன்று முறை படுக்கையில் விழுந்தால் 40 என்று ஒரு வக்கீல் பக்கத்தில் படித்தேன். நான்கைந்து முறை வருகிறது என்றால் பெரிய தொகை வருமே?

பழைய_மெடிக்

அது பழைய கணக்கு, அந்தப் பக்கங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விஏவின் ரேட்டிங் அட்டவணையில் கௌட்டின் எண் 5017. முன்பு இதை மூட்டு வாதத்தின் 5002 அட்டவணைப்படி அளந்தார்கள், நீங்கள் சொன்ன எண்கள் அங்கிருந்துதான். 2021 பிப்ரவரி 7இல் எலும்பு, மூட்டு அட்டவணையை மாற்றியபோது 5002இன் தலைப்பிலேயே கௌட் நீங்கலாக என்று எழுதிவிட்டார்கள். புது விண்ணப்பத்துக்கு இப்போது பார்ப்பது பாதிக்கப்பட்ட மூட்டு எவ்வளவு அசைகிறது என்பதைத்தான்.

உதாரணமாகக் கணுக்கால். பாதத்தை மேலே தூக்குவது சாதாரணமாக 20 டிகிரி, கீழே அழுத்துவது 45 டிகிரி. மேலே 15க்குக் கீழே, அல்லது கீழே 30க்குக் கீழே போனால் 10 சதவீதம். மேலே 5க்குக் கீழே, அல்லது கீழே 10க்குக் கீழே போனால் 20. ஒற்றைப் பெருவிரலை மட்டும் வைத்துக் கேட்பது கஷ்டம், கால் விரல் மூட்டுகளைத் தொகுதியாகத்தான் எண்ணுவார்கள். எனவே கணுக்காலுக்கும் வருகிறது என்பதைக் கோப்பில் தெளிவாகக் கொண்டுவாருங்கள். அப்புறம், ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகம் என்ற எண் மட்டும் இருந்தால் அது நோயாகாது. மூட்டில் என்ன செய்கிறது என்பதற்குத்தான் ரேட்டிங்.

பத்து சதவீதம்தானா என்று சோர்ந்துவிடாதீர்கள் தம்பி. 10, 10, 10 மூன்றையும் கூட்டுவது நேர்க் கூட்டல் இல்லை, 27.1 வரும். அதை 30 ஆக முழுமையாக்குவார்கள். 2025 கணக்குப்படி 20 சதவீதத்துக்கு மாதம் 346.95 டாலர், 30க்கு தனி ஆளுக்கு 537.42. முப்பதைத் தொட்டால்தான் மனைவி, குழந்தைகளுக்கான கூடுதல் தொகையும் ஆரம்பிக்கும். இதற்கு வருமான வரியும் கிடையாது.

சான்அன்டோனியோ_செவிலி

ஷங்கர் கேட்ட தொகையைவிட, கந்தகார் தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. பரிசோதனை நாளில் கால் நன்றாக இருந்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அனுபவித்தது இது, விரிவாகச் சொல்கிறேன்.

என் கணவரை ஒப்பந்த மருத்துவர் ஒருவர் பரிசோதித்தார். பத்து நிமிடம். கோணமானி வைத்து அளந்தார், எல்லாம் சரியாக இருந்தது. வலி இருக்கிறதா என்றார், இவர் இப்போது இல்லை என்றார். கதை முடிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தின மாதம்தான் கழிவறைக்குத் தவழ்ந்து போனார். அதைச் சொன்னீர்களா என்றேன். அவர் கேட்கவில்லை என்றார்.

பிறகுதான் தெரிந்தது, அதை மருத்துவர் கேட்டிருக்க வேண்டும். 2017இல் ஷார்ப் வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனை நாளில் வலி இல்லாவிட்டாலும், வலி வரும் நாட்களில் எவ்வளவு அடிக்கடி, எத்தனை நாள், எந்த அளவுக்கு முடங்குகிறார் என்று வீரரிடமே கேட்டு, அதைக் கொண்டு அசைவு எவ்வளவு குறையும் என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். நேரில் பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியாது என்று மட்டும் எழுதித் தப்பிக்கக் கூடாது.

அதற்கு நாம் கையில் ஏதாவது வைத்திருக்க வேண்டுமே. நான் ஒரு நோட்டு போட்டேன். வலி வந்த தேதி, எந்த மூட்டு, எத்தனை நாள், எந்த வேலை நின்றது, என்ன மாத்திரை. ஒவ்வொரு முறையும் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம். அவருக்குப் பிடிக்கவில்லை, காலைப் போய் எதற்குப் படம் என்றார். முடிந்தபோதெல்லாம் வலி வந்த உடனே மருத்துவரிடம் கூட்டிப்போனேன், வீங்கியிருக்கும்போதே அளந்து எழுதித் தரச் சொன்னேன். அந்த ஒரு பக்கம், மேலே 5 டிகிரிகூடப் போகவில்லை என்று எழுதிய பக்கம், மற்ற எல்லாவற்றையும்விட உதவியது.

பரிசோதனையில் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். நம்மாட்கள் பழக்கத்தில் "நல்லா இருக்கேன்" என்பார்கள். அதையும் எழுதிக்கொள்வார்கள். பொய் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். "இன்றைக்குப் பரவாயில்லை, போன மாதம் 9ஆம் தேதியிலிருந்து 17 வரை நடக்க முடியவில்லை" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

கந்தகார்2012

அக்கா, அந்த "நல்லா இருக்கேன்" நானும் சொன்னேன்.

இன்னொரு கேள்வி. எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம், கூடுகிற தொகையில் ஆறு மாதப் பணம் கொடுத்தால் போதும் என்று ஒரு நிறுவனம் தினமும் அழைக்கிறது. போகலாமா?

பழைய_மெடிக்

வேண்டவே வேண்டாம். விஏவின் அங்கீகாரம் இல்லாதவர்கள் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுத்துப் பணம் வாங்கவே கூடாது. அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட முதல் முடிவு வருவதற்கு முன் கட்டணம் கேட்க முடியாது. அதன் பிறகு வாங்குகிறவர்களும், சேர்ந்து வரும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம் என்பதே பொது அளவு. மாதாமாதம் வரும் பணத்தில் பங்கு கேட்டாலே கதவைச் சாத்துங்கள்.

டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார்கள். டெக்சஸில் கவுண்டிக்குக் கவுண்டி அரசு அலுவலரும் உண்டு. போய் உட்காருங்கள்.

உங்களுக்கு வேண்டிய படிவம் 20-0995, சப்ளிமென்டல், அதாவது துணை விண்ணப்பம். புதுச் சான்று இருந்தால் இதுதான். 20-0996 என்ற மறு ஆய்வில் புதிதாக ஒரு தாள்கூடச் சேர்க்க முடியாது, அதைத் தொடாதீர்கள். மறுப்பு வந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால், ஜெயித்த பிறகு பணம் உங்கள் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்காகும். உங்கள் கடிதத்தில் என்ன தேதி?

கந்தகார்2012

ஏழு வாரம் பாக்கி இருக்கிறது.

பழைய_மெடிக்

அப்படியென்றால் நாளைக்கே ருமட்டாலஜிஸ்ட்டுக்கு போன் போடுங்கள்.

கந்தகார்2012

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ருமட்டாலஜிஸ்ட் இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தார். பக்கம் 312ஐப் படித்ததும் இதைப் பயிற்சி மருத்துவர்களுக்குக் காட்டலாம் என்றார். 2012 வலி கௌட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், 2014 முதல் சாப்பிட்ட மாத்திரை அதை மோசமாக்கியிருக்கிறது என்றும் காரணத்தோடு எழுதியிருக்கிறார். மாத்திரையையும் மாற்றியிருக்கிறார். யூரிக் அமிலத்தைக் குறைக்கிற அலோபியூரினால் ஆரம்பித்திருக்கிறேன்.

விண்ணப்பம் போகும் முன்பே, போன செவ்வாய் ராத்திரி கணுக்காலில் வந்துவிட்டது. புது மருந்து ஆரம்பிக்கிற மாதங்களில் இப்படி வரலாம் என்று அவர் முன்பே எச்சரித்து அதற்கான கோல்சிசின் மாத்திரையும் கொடுத்திருந்தார். அக்கா சொன்ன மாதிரி மறுநாள் காலையிலேயே என் மனைவி சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனாள். மேலே 4 டிகிரி, கீழே 12 டிகிரி. அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு காலையும் சேர்த்துப் படமும் எடுத்திருக்கிறாள். விட்டுவிடலாம் என்று சொன்னவள்தான் இப்போது நோட்டு போட்டு எழுதுகிறாள்.

கந்தகாரில் பூட்ஸைக் கழற்றிவிட்ட பையனையும் தேடிப் பிடித்தேன். இப்போது ஒஹாயோவில் இருக்கிறான். 21-10210 என்ற சாட்சிப் படிவத்தில் தான் பார்த்ததை எழுதி அனுப்பிவிட்டான். அவனுக்கு அந்த ராத்திரி என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விஎஃப்டபிள்யூ ஆள் நேற்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார். இனி பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள்.

மனைவியும் ஒரு சாட்சிக் கடிதம் எழுத வேண்டும் என்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நானே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கலாமா?

சான்அன்டோனியோ_செவிலி

வேண்டாம் தம்பி. அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னபடியே எழுதுங்கள். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக இருக்கட்டும். கௌட், யூரிக் அமிலம் என்ற சொல்லெல்லாம் வேண்டாம், அது மருத்துவர் வேலை. வீட்டில் அவர் கண்ணால் பார்த்தது மட்டும். எத்தனை மணிக்கு எழுப்பினீர்கள், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கே வரை நடந்தீர்கள், அன்றைக்குக் குழந்தையைப் பள்ளிக்கு யார் கூட்டிப்போனது. எழுதியதை அவருக்குத் தமிழில் திரும்பப் படித்துக் காட்டிவிட்டு, சரி என்று சொன்ன பிறகு கையெழுத்து.

கந்தகார்2012

சரி அக்கா. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்காருகிறோம்.

டல்லாஸ்_மதுரைக்காரன்

நான் இத்தனை நாளும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கேள்விக்குப் பதில் பக்கம் 312இல் கிடைத்துவிட்டது. பரிசோதனைத் தேதி வந்ததும் எழுதுங்கள். ஊரிலிருக்கும் அப்பாவிடமும் பேசினேன், யூரிக் அமிலம் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். நாளைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.